எல்லாருக்கும் என் நம்பர்தான்

அன்றைக்கு அங்கன்வாடியில் இருந்தவர்கள் ஏழு பேர். மகளிர் குழுத் தலைவியான என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி. மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அக்கா. முதியோர் பென்ஷன் வாங்குகிற, தெருவே பெரியம்மா என்று கூப்பிடுகிற ஒருத்தர். எதிர்வீட்டு அத்தை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் சீட்டுக்காகக் காத்திருந்த அத்தையின் மகள். எங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க டவுனில் இருந்து ஸ்கூட்டியில் வருகிற மிஸ். அப்புறம் நான். குழுவில் மீதிப் பேர் நடவுக்குப் போயிருந்தார்கள்.

என் போன் சுவரோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் படிக்கிற படச் சுவரில் யானைக்குக் கீழே ப்ளக். பால்கார அக்கா அதைப் பார்த்து, "அதையும் சேத்துக்கோங்கடி, அதான் நம்ம குழுவுலயே பெரிய ஆளு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார்ஜ் முப்பதில் நின்றதா, ஏறுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அன்றைக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பத்துக்கண்ணு கூட்ரோட்டுக்கு கம்பெனி பஸ் வரும். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்பதைச் சொல்ல இவ்வளவு பயமா என்று கேட்கலாம். வேலைக்குப் போவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அந்தக் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிப்ட் முடிந்துதான் தருவார்கள். அதுதான் பிரச்சினை.

இது புரிய வேண்டுமென்றால் போன் என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அம்மா வீடு கிருமாம்பாக்கம். ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாசம்தான் லீவு என்றார்கள். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. கல்யாணம் ஆகி வில்லியனூர் பக்கம் வந்தபோது எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். எங்கள் தெருவில் அதுவே பெரிய படிப்பு. குழுவில் வரவு செலவு வாசிக்க என்னைத்தான் உட்கார வைப்பார்கள். வாசித்து முடித்ததும் தப்பாக வாசித்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் வாசிப்பேன்.

போன வருஷம் இந்த வகுப்பு வந்தது. பெண்களுக்கு கம்ப்யூட்டர், அதோடு மனு எழுதுவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, அதிகாரியிடம் கேள்வி கேட்பது எல்லாம் சொல்லித்தருவார்கள் என்றார்கள். கற்றுக்கொள்கிறவளிடம் நல்ல போன் இருக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது பட்டன் போன். ஓரகத்தி, "குழுவுல கடன் வாங்கிக்க. மாசம் ஐநூறு கட்டு. ஒருத்தி கத்துக்கிட்டா நம்ம எல்லாருக்கும் ஆவும்" என்றாள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு போன் வாங்கினோம். வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அப்பவே வாய் வாங்கினோம் என்றுதான் வந்தது.

வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது. எங்கள் தெருவில் இருந்து தண்ணி பம்ப்புக்குப் போகிற பாதையில் விளக்கு இல்லாமல் இருந்தது. மிஸ் எங்களை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கூட்டிப்போனார். நான் மனுவை நின்றபடி வாசித்தேன். அந்த அதிகாரி, "போன் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றார். என்னை யாரும் அதற்கு முன் மேடம் என்று கூப்பிட்டதில்லை. கொஞ்ச நாளில் விளக்கு வந்தது. முதல் நாள் பொம்பளைகள் எல்லாம் சும்மாவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த விளக்கடியில் போய் நின்றோம். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னைக் கலெக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். "கலெக்டரம்மா, சோறு கெடைக்குமா?"

அதற்குப் பிறகு பேங்கில் இருந்து முகாம் போட்டார்கள். உதவித்தொகை, ரேஷன் அரிசிக்குப் பதிலாகத் தருகிற அரிசிப் பணம், பென்ஷன் எல்லாம் அவரவர் கணக்கில் நேராக வரும், கணக்கோடு ஒரு மொபைல் நம்பரைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்கள் வரிசையில் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பெரியம்மாவிடம் போனே இல்லை. மற்றவர்கள் வீட்டில் போன் இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கிறது. முதலில் எதிர்வீட்டு அத்தைதான் குனிந்து என் காதில் கேட்டாள்.

"ஒன் நம்பர எழுதட்டுமாடி?"

"என் நம்பர் எதுக்கு அத்த? மாமா நம்பர்..."

"மாமா நம்பர எழுதுனா பணம் வந்துதுன்னு மாமாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியறதுக்குள்ள அது சாராயக் கடையில இருக்கும்."

எழுதச் சொன்னேன். அடுத்தது பால்கார அக்கா. அடுத்தது பெரியம்மா. அப்புறம் இன்னும் சிலர். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "எல்லாருக்கும் ஒரே நம்பரா? எல்லாரும் உறவா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். எங்கள் தெருவில் அது பொய்யும் இல்லை.

அறியாமையில் அப்படிச் செய்தார்கள் என்று மிஸ் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அறியாமை ஒன்றும் இல்லை. நன்றாகத் தெரிந்துதான் செய்தார்கள்.

அன்றிலிருந்து அவர்கள் பணம் வருகிற சத்தம் என் வீட்டில் கேட்கும். அவர்கள் பேங்கில் எதைச் செய்தாலும் ஓடிபி என் போனுக்கு வரும். பத்து நிமிஷத்துக்குள் அந்த ஆறு எண்ணைச் சொல்லியாக வேண்டும். பணம் வந்தால் போய்ச் சொல்ல வேண்டும், ஆனால் வெளிப்படையாகச் சொல்லக்கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். அத்தை வீட்டு வாசலில் நின்று, "அத்த, கொஞ்சம் கறிவேப்பிலை குடேன்" என்பேன். பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். பால்கார அக்கா வீட்டில் மோர் கேட்பேன். ஒரு நாள் எதிர்வீட்டு மாமா பீடியை வாயில் இருந்து எடுத்துவிட்டு, "ஏம்மா, ஒங்க வூட்டுப் பின்னாலயே மரம் நிக்குது. மாசா மாசம் இங்க வந்து இன்னாத்துக்கு கறிவேப்பிலை கேக்குற?" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "அவங்க மரத்துல பூச்சி" என்றாள். அன்று சாயங்காலமே பின்னால் போய் என் மரத்தைப் பார்த்தேன். நல்ல மரம். அதற்குப் பூச்சி வந்துவிடப் போகிறதே என்று அதற்கும் ஒரு கவலை.

போனுக்கு ஒரு துணிப்பை தைத்து கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போது கதவு ஆணியில் மாட்டுவேன். கரண்ட் போனால் சார்ஜ் எத்தனை மிச்சம் என்று எடுத்துப் பார்ப்பேன். கிருமாம்பாக்கத்தில் அம்மா வீட்டுப் பின்னறையில் டவர் கிடைக்காது. அதனால் அம்மாவைப் பார்க்கப் போனாலும் முன்வாசலில் தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருப்பேன். அம்மா, "வந்தவ மாதிரி உள்ள வாடி, போறவ மாதிரியே ஒக்காந்திருக்க" என்பாள். அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. யார் கணக்கிலாவது பணம் காணாமல் போனால் முதலில் யாரைக் கேட்பார்கள்? என்னைத்தானே? யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்பதை மட்டும் நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் வேலை கிடைத்தது. வகுப்பில் கொடுத்த சான்றிதழை வைத்து, மிஸ்ஸே சொல்லித்தான் மனு போட்டேன். சரக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை, சம்பளம் பேங்கில் வரும். என் சம்பளம், என் கணக்கில், என் நம்பருக்கு மெசேஜ். அந்த ஒரு சத்தத்தை நினைத்துப் பார்ப்பேன். எனக்கே எனக்கு வருகிற சத்தம்.

அங்கன்வாடியில் ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். மிஸ் மட்டும் கை தட்டினார். மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள்.

"போன உள்ள எடுத்துட்டுப் போவ முடியாதா?" பெரியம்மா கேட்டார்.

"கேட்ல வாங்கி வச்சிப்பாங்க பெரியம்மா."

"அப்பன்னா என் பென்ஷனு?"

மிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளின் குட்டி நாற்காலி, முழங்கால் முகவாய் வரைக்கும் வந்தது. "இது ஒரு நல்ல சந்தர்ப்பம். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு நம்பர் வேணும். நானே வரிசையா பேங்குக்குக் கூட்டிட்டுப் போயி மாத்தித் தரேன்" என்றார்.

"ஆளுக்கு ஒரு போன எங்க மிஸ் வைக்கிறது?" பால்கார அக்கா கேட்டாள்.

"உங்ககிட்டதான்."

"எங்கிட்ட எங்க? தவிட்டு மூட்டையில வைக்கிறதா? மணி அடிச்சா மாடு மெரளும், அந்தாளு வருவாரு."

"சைலன்ட்ல போட்டுக்கலாமே."

"சைலன்ட்ல போட்டா மெசேஜ் வந்தது எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? மாடு சொல்லுமா?"

சிரிப்பு அடங்கியதும் ஓரகத்தி தொண்டையைக் கனைத்தாள். "இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? போனு குழு கடன்ல வாங்குனது. கடன் முடியுற வரைக்கும் பாதி குழுவோடது. இவ வேலைக்குப் போவட்டும், பகல்ல போனு எங்கிட்ட இருக்கட்டும். நான் வச்சிக்கிறன்."

பெரியம்மா புடவை முந்தியைப் பார்த்தார். பால்கார அக்கா சுவரில் இருந்த யானையைப் பார்த்தாள். ஓரகத்தி கெட்டவள் இல்லை. ஆனால் எந்தச் செய்தியையும் சத்தமாகத்தான் படிப்பாள், படிக்கிற இடம் பெரும்பாலும் தெருக் குழாயடி. அது அவளுக்கும் தெரியும். "ஏன், நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டுவிட்டு அவளே, "சரி வுடுங்க" என்றாள். முகம் சுண்டிப்போனது. இனி அதற்கு என்னிடம்தான் கணக்குத் தீர்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அத்தைதான் வழி சொன்னாள். பணம் வந்த செய்தியை நான் சாயங்காலம் வந்து சொன்னால் போதும், ஓடிப்போய்விடாது. பேங்க் வேலை இருந்தால் எனக்கு லீவு உள்ள நாளில் வைத்துக்கொள்ளலாம். "எங்க பாட்டுக்கு ஒன்னையும் கட்டிப்போட்டு வைக்கிறதா? போயிட்டு வாடி" என்றாள்.

அப்போது அவள் மகள் மெதுவாக, "அண்ணி, என் சீட்டு?" என்றாள்.

அதை மறந்திருந்தோம். மறக்கவில்லை, அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்து பழகிவிட்டோம். காலேஜ் சேர்க்கை முழுக்க ஆன்லைன். அவள் அப்பாவுக்கு ப்ளஸ் டூவோடு போதும் என்ற எண்ணம். திருக்கனூரில் கடை வைத்திருக்கிற ஒரு இடத்தில் இருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். சீட் கையில் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அத்தையும் மகளும் மனு போட்டிருந்தார்கள். என் நம்பரில். பீஸுக்கு அத்தை கறிவேப்பிலைப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"லிஸ்ட்டு எப்ப வரும்?" மிஸ் கேட்டார்.

"வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு மிஸ். சனிக்கிழமைக்குள்ள ஒத்துக்கிட்டு உறுதி பண்ணணும். இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"அப்ப சரியாப்போச்சு. திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள் பால்கார அக்கா. எல்லாரும் எழுந்தோம். சார்ஜ் எண்பது ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானும் அவளும் எத்தனை தடவை திறந்து பார்த்தோம் என்று தெரியாது. விரைவில் வெளியாகும் என்றே இருந்தது. திங்கட்கிழமை வராது அண்ணி, நீங்க போங்க என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நான் கிளம்பினேன். புதிதாகச் சேருகிறவர்களை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் கூட்ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "கலெக்டரம்மா, மொத சம்பளத்துல எனக்கு ஒரு சட்ட" என்றார். பஸ்ஸில் என்னை மாதிரி ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கழுத்துப் பையில் கை வைத்தபடியே போனேன். கரும்புக் கொல்லைகள் தாண்டி, ஷெட்டுகள் தெரிய ஆரம்பித்தபோது ஒரு நிமிஷம் பயமே இல்லாமல் இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கேட்டில் ஒரு செக்யூரிட்டி அம்மா பிளாஸ்டிக் ட்ரே வைத்துக்கொண்டு நின்றாள். போனை வாங்கி ட்ரேயில் வைத்து டோக்கன் கொடுத்தாள். வரிசையில் எனக்கு முன்னால் ரெண்டு பேர் இருக்கும்போது போன் அடித்தது. புது நம்பர்.

"அண்ணி, நான்தான். லிஸ்ட்டு வந்துடுச்சு. சீட்டு கெடைச்சிடுச்சு அண்ணி!" மூச்சு வாங்கினாள். வில்லியனூர் பிரவுசிங் சென்டரில் இருந்து, அந்த சென்டர்காரர் போனில் பேசினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அத்தையும் கூட வந்திருந்தாள். "இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள உறுதி பண்ணணுமாம். ஓடிபி அனுப்பியிருக்கன், பாருங்க."

வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய தகர ஷெட், டவர் ஒரு கோடுதான் இருந்தது. வரிசையை விட்டு விலகி ரோட்டுப் பக்கம் நடந்தேன். டீக்கடை வாசலில் நின்றதும் வந்தது. படித்துச் சொன்னேன்.

"நேரம் முடிஞ்சதுன்னு காட்டுது அண்ணி. திரும்ப அனுப்பறன்."

பெண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கனகாம்பரக்காரி திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், வா என்கிற மாதிரி. செக்யூரிட்டி அம்மா சத்தம் போட்டாள். "ஏம்மா, போன ட்ரேல வச்சிட்டு வர்றதுன்னா வா. பேசறதுன்னா அங்கயே நில்லு."

"தோ வந்துட்டன்கா, ரெண்டே நிமிஷம்!"

டீக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்து, எண் வந்தால் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். அந்தப் போனில் எங்கள் தெருவே இருந்தது. எப்படிக் கொடுப்பது? ரெண்டாவது எண் வந்தது. அவசரத்தில் கடைசி இரண்டை மாற்றிச் சொல்லிவிட்டேன். மூன்றாவது வர ரொம்ப நேரம் ஆனது. அந்தப் பக்கம் அத்தை யாரையோ வேண்டிக்கொள்வது கேட்டது. வந்ததும் ஒவ்வொரு எண்ணாக, கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிச் சொன்னேன். ஒரு எண் சொல்லி, அவள் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்தது.

"வந்துடுச்சு அண்ணி. உறுதின்னு வந்துடுச்சு."

அத்தை அழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பினபோது கேட் சாத்தியிருந்தது.

செக்யூரிட்டி அம்மா நல்லவள். உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். "மொத நாளே லேட்டுன்னா எடுக்கமாட்டாங்களாம்மா. அடுத்த பேட்ச்சுக்கு கூப்பிடுவாங்களாம். நம்பர் குடுத்துட்டுப் போ." கொடுத்தேன். அதே நம்பர்தான், வேறு நம்பர் எனக்கு ஏது?

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டைப் பார்த்தேன். மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அத்தையும் மகளும் அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சீட் உறுதியான செய்தி என் போனில் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது. வேறு வழி தெரியாமல் வாசலில் போய் நின்று, "அத்த, கொஞ்சம் கறிவேப்பிலை" என்றேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல புடவை, தலையில் பூ. "வேலைக்குப் போறன்னு சொன்னாங்க?"

"அடுத்த வாட்டி மாமா."

"ஆமா, பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்" என்றார். அத்தை இரண்டு கையும் நிறைய கறிவேப்பிலை கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவு கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மாமாவிடம் பிறகு சொன்னார்கள். அது வேறு சண்டை, அதை நான் எழுதமாட்டேன். அவள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். மனுவில் பெற்றோர் நம்பர் என்ற இடத்திலும் என் நம்பர்தான் இருக்கிறது. அதனால் அவள் ஒரு நாள் போகவில்லையென்றால், உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை என்று எனக்கு மெசேஜ் வருகிறது. எனக்கும் அவளுக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம். மெசேஜ் வந்ததும் பஸ்ஸில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடுவேன். எதிர்வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் காய்ச்சலில் படுத்திருப்பாள். இன்னும் மூன்று வருஷம் இது வரும். கம்பெனியில் இருந்து மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அதுவோ என்று எடுக்கிறேன். பெரியம்மா பென்ஷனாக இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்து வந்த குழுக் கூட்டத்தில் ஓரகத்தி, சம்பளம் வந்ததும் போன் கடனை மொத்தமாகக் கட்டி முடிக்கிறேன் என்று நான் முன்பு சொன்னதை ஞாபகப்படுத்தினாள். மிஸ் வரவில்லை. அவருடைய திட்டம் முடிந்து வேறு கொம்யூனுக்கு மாற்றிவிட்டார்களாம். பால்கார அக்கா, "அவ நம்ம வேலையாலதான வேலைய வுட்டா, இந்த மாசத் தவணைய தள்ளி வை" என்றாள். தள்ளி வைத்தார்கள். வரவு செலவை நான் வாசித்தேன், ஒரு தரம் வாசித்துவிட்டு வழக்கம்போல இன்னொரு தரமும் வாசித்தேன். போன் கடனில் என் பேரில் பாக்கி ஏழாயிரத்து ஐநூறு ரூபாய்.